தண்ணீர்த் தடம் – 11: ஒரு விரற்கடை

எலப்புள்ளிப் பக்கம் வயதானவர்கள் இன்றும் தண்ணீரை விரலால் அளப்பதுண்டு. வாய்க்காலில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டால், “நாலு வெரக்கடை இருக்கும்” என்பார்கள். மழை மறைவான கிழக்குப் பாலக்காட்டில் அந்த நாலு விரற்கடையை வைத்துத்தான் வயலுக்குத் திருப்புவதா வேண்டாமா என்று முடிவாகும். எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்பது நம் பழைய வாய்ப்பாடு. இந்த வாரக் கதைக்கு அந்த வாய்ப்பாடே போதும்.

நீச்சலில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் வயிற்றிலிருந்து பட்டர்ஃபிளை பிறந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான முதல் 100 மீட்டர் பட்டர்ஃபிளைத் தங்கத்தை அமெரிக்காவின் ஷெல்லி மான் 1 நிமிடம் 11 வினாடியில் வென்றதோடு நிறுத்தியிருந்தோம். இனி ஒரே தாவலில் டோக்கியோ.

2021 ஜூலை 26. அதே 100 மீட்டர், பெண்கள் இறுதிப் போட்டி. பாதி தூரத்தில் திரும்பும்போது கனடாவின் மேகி மக்நீல் ஏழாவது இடத்தில் இருந்தார். எட்டுப் பேரில் ஏழாவது! அடுத்த 50 மீட்டரில் ஒவ்வொருவராகக் கடந்து வந்து சுவரைத் தொட்டார். அவருக்குக் கிட்டப்பார்வை. பலகையில் தன் பெயர் எங்கே என்று கண்ணைச் சுருக்கித் தேடி, முதலிடத்தில் கண்டதும் வாய் பிளந்தார். உலகம் முழுக்கச் சுற்றிவந்த காட்சி அது. நேரம் 55.59. சீனாவின் ஜாங் யூஃபெய் 55.64. ஆஸ்திரேலியாவின் எம்மா மெக்கியன் 55.72. மேடையில் மூன்று பேர்.

நான்காவதாக வந்தவரைப் பற்றி அன்றைக்கு அதிகம் பேச்சில்லை. அமெரிக்காவின் டோரி ஹஸ்கே, வயது 18. நேரம் 55.73. வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கு.

அது எவ்வளவு தூரம்? நூறு மீட்டரை 55 வினாடிச் சொச்சத்தில் கடப்பவர் வினாடிக்குச் சுமார் 1.8 மீட்டர் போகிறார். நூற்றில் ஒரு பங்கு வினாடியில் 1.8 சென்டிமீட்டர். கட்டைவிரலைச் சுவரில் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு விரற்கடை.

இந்த ஒரு விரலை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். பட்டர்ஃபிளையின் சங்கதி தெரிந்தவர்கள் தள்ளமாட்டார்கள். ஃப்ரீஸ்டைலில் கைகள் மாறி மாறி வரும். ஏதாவது ஒரு கை சுவரைத் தொட்டால் போதும். பட்டர்ஃபிளையில் இரண்டு கைகளும் சேர்ந்தே வீச வேண்டும், சேர்ந்தே தொட வேண்டும். கடைசி வீச்சு முடிந்தபோது சுவர் சரியாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யோகம். அரை வீச்சுத் தூரம் மிச்சமிருந்தால் தொல்லை. கையை நீட்டி அப்படியே மிதந்து போகலாம். வேகம் செத்துக்கொண்டே வரும். இன்னொரு குறுவீச்சு போடலாம். இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கொண்டுவரும் நேரம் செலவாகும். எதைச் செய்வது என்று யோசிக்க அவகாசம் கிடையாது. ஆகவே சுவருக்கு எத்தனை வீச்சு என்ற கணக்கு, பயிற்சியில் ஆயிரம் தடவை நீந்தி உடம்பில் ஏறியிருக்க வேண்டும். தோள் கல்லாகிக் கனக்கும் கடைசி 15 மீட்டரிலும் அந்தக் கணக்குப் பிசகக்கூடாது.

2008 பெய்ஜிங்கில் ஆண்களுக்கான இதே பந்தயத்தில் செர்பியாவின் மிலோராட் சாவிச் முன்னால் இருந்தார். கையை நீட்டி மிதந்து சுவரை நெருங்கினார். பின்னால் வந்த மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஒரு குறுவீச்சைக் கூடுதலாகப் போட்டு அறைந்தார். 50.58, 50.59. அங்கேயும் ஒரு விரல்தான். சுவரில் பொருத்தியிருக்கும் தொடுபலகை, விரல் பட்டால் மட்டும் போதாது, அழுத்தினால்தான் கடிகாரத்தை நிறுத்தும். சின்ன வயதில் என் முதுகில் சுரைப்புருடையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்ட மாமா, நான் படியை நெருங்கிவிட்டுக் கைகாலைத் தளரவிடும்போதெல்லாம் மேலிருந்து கத்துவார்: “தொட்டாச்சுன்னு நெனைக்காத கண்ணு, தொடு!”

விரலைவிடச் சின்ன அளவையும் நீச்சல் ஒருமுறை முயன்று பார்த்தது. 1972 மியூனிக்கில் ஆண்களுக்கான 400 மீட்டர் மெட்லி. ஸ்வீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீ இருவருக்கும் ஒரே நேரம். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நோண்டிப் பார்த்து, 0.002 வினாடி முந்தினார் என்று லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். தூரமாக்கிப் பார்த்தால் மூன்று மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் அகலம். பிறகுதான் உறைத்தது. ஒரு லேனுக்கும் அடுத்த லேனுக்கும் சுவர்ப் பூச்சிலேயே அதைவிட அதிக வித்தியாசம் இருக்கலாமே! அதன்பின் நூற்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டு, அதற்குள் அடங்கினால் இருவருக்கும் பதக்கம் என்று விதி செய்தார்கள். விரல் வரை அளப்போம், நெல்லை அளக்கமாட்டோம் என்பதுதான் இன்றைய நீச்சலின் நியாயம்.

2024 ஜூலை 28, பாரிஸ். டோரி ஹஸ்கேவுக்கு இப்போது 21 வயது. பக்கத்தில் நீந்திய கிரெட்சன் வால்ஷ் அவருடைய நாட்டுக்காரர். ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் 55.18-ல் உலக சாதனை படைத்தவர், அரையிறுதியில் 55.38 என்று ஒலிம்பிக் சாதனையும் வைத்துவிட்டு வந்திருந்தார். தங்கம் அவருக்குத்தான் என்று பேச்சு. பாதி தூரத்தில் வால்ஷ் முன்னிலை. சுவர் நெருங்கும்வரை அவரே முன்னிலை. சுவரை முதலில் தொட்டவர் ஹஸ்கே.

55.59. வால்ஷ் 55.63. ஜாங் யூஃபெய்க்கு வெண்கலம்.

நாலு விரற்கடை. இதில் இன்னொன்றும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மக்நீல் தங்கம் வென்ற அதே நேரம், நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகாமல் அதே 55.59. டோக்கியோவில் நீந்தியதைவிட ஹஸ்கே குறைத்தது வெறும் 0.14 வினாடி, பதினான்கு விரல். ஒரு சாணும் கொஞ்சமும். மூன்று வருட உழைப்புக்கு அவ்வளவுதான் விளைச்சல். அது போதுமானதாக இருந்தது.

நாலு விரலில் தோற்ற வால்ஷும் சும்மா இருக்கவில்லை. 2025 மே மாதம் உலக சாதனையை 54.60-க்கு இறக்கினார். அதே ஆண்டு சிங்கப்பூரில் நடந்த உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பில் 54.73-ல் தங்கம் வென்றபோது, அடுத்து வந்தவர் ஒரு வினாடிக்கும் மேல் பின்தங்கியிருந்தார். இந்தத் தடவை விரலால் அளக்க வேலையே இல்லை.

நம் கதை இதில் எங்கே வருகிறது? 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வங்கத்துப் பெண் பூலா சௌத்ரி 100 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 5.27 வினாடியில் நீந்தினார். மெல்பர்னில் அதே நேரத்துக்கு நீந்தியிருந்தால் தங்கம். பாரிஸில் ஹஸ்கே சுவரைத் தொடும்போது இன்னும் 15 மீட்டர் மிச்சமிருக்கும். அந்த 15 மீட்டரை எந்த விரலாலும் அளக்க முடியாது. முழங்கள் குறைந்து சாணாகி, சாண் விரலாக வேண்டும்.

ஆண்கள் பக்கம் ஒருவர் அதைச் செய்து காட்டினார். இடுக்கியில் பிறந்து, நெய்வேலியில் வளர்ந்த சாஜன் பிரகாஷ். தாய் சாந்திமோள் தடகள வீராங்கனை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்துத் தனியாளாக மகனை வளர்த்தவர். சாஜன் கழுத்து டிஸ்க் விலகிப் பல மாதம் நீந்த முடியாமல் கிடந்தார். அதிலிருந்து எழுந்து 2021 ஜூன் மாதம் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் இறங்கினார். ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதிபெற வேண்டிய நேரம் 1:56.48. அவர் தொட்டது 1:56.38. எந்த இந்தியரும் அதற்குமுன் எட்டாத ‘ஏ’ தகுதி நேரம் அது. தூரத்தில் 17 சென்டிமீட்டர். சாணுக்கு மூன்று விரல் குறைவு. மலையோரத்தில் பிறந்து சுரங்க நகரில் வளர்ந்த ஒரு பையன் இந்திய நீச்சலின் பழைய வேலியைத் தாண்டிய அகலம் அவ்வளவுதான்.

இந்தியப் பெண் பட்டர்ஃபிளைக்கு அந்த ஒன்பது விரல் இன்னும் பாக்கி நிற்கிறது.

பூலாவை 15 மீட்டர் பின்னால் விட்டுவிட்டு வந்ததாக நினைக்க வேண்டாம். குளத்தில் முடியாததைக் கடலில் முடிக்கப் போனவர் அவர். 2004-ல் தலைமன்னாரில் இறங்கி, ஏறக்குறைய 14 மணி நேரம் நீந்தி, தனுஷ்கோடியில் கரையேறினார். அங்கே தொட்டு அழுத்தச் சுவரும் இல்லை, நேரத்தைக் காட்டப் பலகையும் இல்லை. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதுதான் கணக்கு. அடுத்த வாரம் அந்தக் கடலில் இறங்குவோம்.

(தடம் தொடரும்)