மாரியோ ஓடும் கடிகாரம்: 50 டாலர் பொம்மை டெல்லிக்கு வந்ததும் ஏன் விலை ஏறுது?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன கருவி. 2.36 அங்குலத் திரை, சிவப்பும் தங்க நிறமும் கலந்த உடம்பு. விளையாடாமல் மேஜையில் வைத்தால் கடிகாரமாகிவிடும். செங்கல் செங்கலாக அடுக்கிய எண்கள் மணியைக் காட்ட, அவற்றின் மேல் மாரியோ ஓடுவார், குதிப்பார், எதிரிகளை மிதிப்பார். பகலில் நீல வானம், இரவானால் இருட்டு. கடிகாரத்தில் மட்டும் 35 குட்டி ஆச்சரியங்களை ஒளித்து வைத்திருப்பதாக நிண்டெண்டோ சொன்னது.

இதன் பெயர் 'கேம் அண்ட் வாட்ச்: சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. மாரியோவின் 35-வது ஆண்டையொட்டி 2020 நவம்பர் 13 அன்று வெளியானது. அமெரிக்க விலை 49.99 டாலர். 2021 மார்ச் 31-க்குப் பிறகு அனுப்பமாட்டோம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். உடனே வாங்கியாகணும் என்ற பரபரப்பு அங்கேயே ஆரம்பிச்சாச்சு.

ஆனால் இந்தியாவில் நிண்டெண்டோ இதை விற்கவே இல்லை. டெல்லியில் இருப்பவருக்கு மிச்சம் மூன்று வழிகள்: கனாட் பிளேஸுக்குக் கீழே இருக்கும் பாலிகா பஜார், வெளிநாட்டிலிருந்து பார்சல், இல்லையென்றால் ஊருக்கு வரும் நண்பரின் பெட்டி. மூன்றிலும் விலை ஒன்றாக இருக்காது. ஏன்?

கால்குலேட்டரில் பிறந்தது

முதல் கேம் அண்ட் வாட்ச் 1980 ஏப்ரலில் ஜப்பானில் வந்தது. விளையாட்டின் பெயர் 'பால்', விலை 5,800 யென். உருவாக்கியவர் குன்பெய் யோகோய். புல்லட் ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்பது அவர் சொன்ன கதை. அப்போது கால்குலேட்டர் கம்பெனிகளின் போட்டியில் எல்.சி.டி. திரையும் சிப்பும் மலிவாகிவிட்டன. பழசாகி விலை குறைந்த தொழில்நுட்பத்தை வேறு வேலைக்குத் திருப்புவதுதான் யோகோயின் பாணி. 1989-ல் வந்த கேம்பாய்க்கும் அதே கணக்குதான்.

அந்தப் பழைய திரையில் படம் நகராது. பந்தின் ஒவ்வொரு நிலையும் தனித்தனி வடிவமாக முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கும். மாறி மாறி அணைந்து எரியும்போது பந்து பறப்பதுபோல நம் கண்ணுக்குத் தெரியும். கால்குலேட்டரில் 8 என்ற எண்ணின் ஏழு கோடுகள் வேலை செய்வது மாதிரியேதான். சிப்பில் நேரத்தை எண்ணும் வசதி எப்படியும் இருக்க, கடிகாரத்தையும் சேர்த்துவிட்டார்கள். 1991 வரை இந்த வரிசையில் 4.3 கோடிக்கும் மேல் விற்றன.

நம்ம ஊரில் 90-களில் வளர்ந்தவர்கள் கையில் இருந்தது இது இல்லை, 'பிரிக் கேம்'. அட்டையில் '9999 கேம்ஸ்' என்று போட்டிருக்கும். உள்ளே டெட்ரிஸும் அதன் ஒன்றுவிட்ட தம்பிகளும்தான் இருப்பார்கள். அதிகாரபூர்வமானது எட்டாத விலையில் இருந்தாலோ வராமலே போனாலோ, அந்த இடத்தை நகல் நிரப்பும். இந்தியாவின் வீடியோகேம் வரலாற்றில் பாதி இதுதான் என்பேன்.

இப்போ கணக்கு

2020 நவம்பரில் ஒரு டாலர் சுமார் 74 ரூபாய். கருவியின் விலை 3,700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (சுங்க மதிப்பில் அனுப்பும் செலவும் சேரும், எளிமைக்காக அதை விட்டுவிடுகிறேன்.)

ஒரு வியாபாரி சட்டப்படி இறக்கினால், வீடியோகேம் கருவிக்கு அடிப்படைச் சுங்கவரி 20%. 2018 பட்ஜெட் வரை இது 10% தான். அந்த வரியின் மேல் 10% சமூகநல கூடுதல் வரி. எல்லாம் சேர்ந்த தொகைக்கு 18% ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் சுமார் 5,330 ரூபாய்.

அதையே நீங்கள் உங்களுக்காக ஒன்றே ஒன்று பார்சலில் வரவழைத்தால்? தனிநபர் பயன்பாட்டுக்கு வரும் பொருள் பொதுவாக சுங்கப் பட்டியலில் 9804 என்ற தனித் தலைப்புக்குள் போய்விடும். அன்றைய விகிதம் 35% சுங்கவரி, அதன்மேல் கூடுதல் வரி, பிறகு 28% ஜி.எஸ்.டி. மொத்த வரிச்சுமை 77.28%. விலை சுமார் 6,560 ரூபாய். ஒன்று வாங்குகிறவர், நூறு இறக்கி விற்கிறவரைவிட 1,200 ரூபாய்க்கு மேல் அதிகம் கட்டுகிறார். 'இது விளையாட்டுக் கருவியா, கடிகாரமா?' என்று சுங்க அதிகாரியிடம் வாதாடலாமே என்று தோன்றும். வியாபாரிக்கு அந்தக் கேள்வி பொருந்தும். பொருளின் முக்கியத் தன்மை எதுவோ அதை வைத்து வகைப்படுத்துவார்கள். 9804-ல் அந்த வாதத்துக்கே இடமில்லை.

'அண்ணன் அமெரிக்காவிலிருந்து கிஃப்டாக அனுப்பினால்?' அங்கேதான் வயிற்றெரிச்சல். 5,000 ரூபாய் வரையிலான பரிசுகளுக்கு வரி இல்லாமல் இருந்தது. அந்த வழியில் வெளிநாட்டு இணையக் கடைகள் சரக்கை அனுப்புவதாகப் புகார் எழுந்து, 2019 டிசம்பரில் அரசு அதை மூடியது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. இந்தக் கருவி வெளியாக 11 மாதங்களே பாக்கி!

வியாபாரிக்கு 5,330-தானே, பிறகு ஏன் முறையாக யாரும் இறக்கலை? ஏனென்றால் வரி மட்டும் தடை இல்லை. 2012-ன் கட்டாயப் பதிவு ஆணையில் வீடியோகேம் கருவிகளும் இருந்தன. தயாரிக்கும் தொழிற்சாலை இந்தியத் தர நிர்ணய அமைப்பிடம் (பி.ஐ.எஸ்.) பதிவு செய்திருக்க வேண்டும். அதைத் தயாரிப்பாளர்தான் செய்ய முடியும், டெல்லிக் கடைக்காரர் அல்ல. சில மாதங்கள் மட்டும் விற்கப்போகும், இந்தியாவில் விற்கவே திட்டமில்லாத பொருளுக்கு எந்தக் கம்பெனி இவ்வளவு மெனக்கெடும்?

அதனால் மிச்சமிருப்பது 'கிரே மார்க்கெட்'. பொருள் அசலாக இருக்கலாம். ஆனால் பில், வாரண்டி, சர்வீஸ் எதுவும் உறுதியில்லை. விலையைக் கடைக்காரர்தான் தீர்மானிப்பார். அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் 2021-ம் ஆண்டுக்கான, போலிப் பொருட்களுக்குப் பேர்போன சந்தைகளின் பட்டியலில் பாலிகா பஜாரும் இருந்தது. அங்கே எல்லாமே போலி என்று அர்த்தமில்லை. எது அசல் என்று பார்த்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் என்று அர்த்தம்.

மூன்றாவது வழிதான் சுத்தமானது. வெளிநாடு போய்த் திரும்பும் இந்தியருக்கு, 2016 பயணப்பெட்டி விதிகளின்படி 50,000 ரூபாய் வரை வரி இல்லாமல் இருந்தது. சொந்த உபயோகம் அல்லது பரிசு என்றால். ஆன்சைட் போன நண்பரிடம் 'வரும்போது ஒன்னு' என்று நாம் கேட்பதற்குப் பின்னால் இப்படி ஒரு பொருளாதாரம் இருக்கு. விகிதங்களும் வரம்புகளும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். வாங்கும் நாளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். சீல் உடைக்காத பெட்டிக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். ஆனால் உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, பல வருடங்களாகச் சும்மா கிடந்தது. புதிதிலேயே ஒரு சார்ஜுக்கு சுமார் 8 மணி நேரம்தான் தாங்கும். கடிகாரமாக வைக்க நாள் முழுக்க வயரில் செருகியே இருக்கணும். அடாப்டர் பெட்டியில் வராது, யு.எஸ்.பி.-சி கேபிள் மட்டும்தான். அதனால் பணம் கொடுப்பதற்கு முன், கடையிலேயே சார்ஜ் போட்டு, வயரைப் பிடுங்கிவிட்டு, பத்து நிமிஷம் மாரியோவை ஓட விட்டுப் பாருங்கள்.