கனவு அணிக்கு யார் யார்?

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது சிங்காரப்பேட்டை. அந்தப் பக்கத்துக் கிரிக்கெட் ரசிகருக்குச் சேப்பாக்கத்தைவிடப் பெங்களூரு சின்னசாமி மைதானமே பக்கம். ஓசூர்க்காரருக்கோ அது ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணம்தான். ‘எல்லாக் காலத்துக்குமான தமிழ்நாடு அணி’ எது என்ற விவாதத்துக்கு எல்லையோரம் நல்ல இடம். கேள்வி கேட்கக் கர்நாடக ரசிகர் பக்கத்திலேயே இருப்பார்.

பெயர் எழுதும் முன் விதி வேண்டும். விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியது. 1999-இல் நூற்றாண்டின் பேஸ்பால் அணியை ரசிகர் வாக்கில் தேர்ந்தெடுத்தார்கள். வந்த 25 பேரில் ஹோனஸ் வாக்னர் போன்ற பழைய மேதைகள் விடுபட்டுப்போக, ஒரு குழு கூடி ஐந்து பேரைச் சேர்த்தது. தொலைக்காட்சியில் பார்த்தவருக்கே கை நீளும்.

நம் விதி: ரஞ்சியில் மெட்ராசுக்கோ தமிழ்நாட்டுக்கோ ஆடியிருக்க வேண்டும். டெஸ்ட் கணக்கை மட்டும் பார்க்கக் கூடாது.

இரண்டாவது விதிக்குக் காரணம் உண்டு. 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் மெட்ராஸ், மைசூரை ஒரே நாளில் வீழ்த்தியது. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். ஏ.ஜி.ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். ஹாக்கியிலும் வல்லவரான கோபாலன், 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு இங்கிலாந்து கிரிக்கெட் பயணத்துக்குப் போனார். அங்கே ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. அவர் ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று.

மட்டை வரிசையில் பெரிய சண்டை இல்லை. தொடக்கத்தில் 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அதிகபட்சமாக 38 அடித்த ஸ்ரீகாந்தும், 12 டெஸ்ட் சதங்கள் கண்ட முரளி விஜயும். மூன்றாவது, கோவாவுக்கு எதிராக 313 எடுத்த டபிள்யூ.வி.ராமன். பிறகு பத்ரிநாத், 1955-இல் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்த ஏ.ஜி.கிருபால் சிங், டிரினிடாடில் பிறந்து தமிழ்நாட்டுக்கு ஆடிய ராபின் சிங். கீப்பர் தினேஷ் கார்த்திக்.

சுழற்பந்தில்தான் குரல் உயரும். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்து, ஆறு சதமும் அடித்த அஸ்வினை யாராலும் நீக்க முடியாது. ஆனால் வெங்கட்ராகவனும் ஆஃப் ஸ்பின்னர். 57 டெஸ்ட் ஆடியவர், முதல் இரண்டு உலகக் கோப்பைகளில் இந்தியத் தலைவர், மட்டையருகே நின்று அபாரமாகப் பிடிப்பவர். எனவே இருவரும் இருக்கட்டும். லெக் ஸ்பின்னுக்கு வி.வி.குமாரா, சிவராமகிருஷ்ணனா? சிவா 1984-இல் மும்பை டெஸ்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டைச் சாய்த்தவர். குமாருக்குக் கிடைத்தவை இரண்டே டெஸ்ட்; ரஞ்சியில் மட்டும் 400 விக்கெட்டுக்கு மேல். நம் விதிப்படி குமாருக்கே இடம்.

மூன்று சுழலரும் இருந்தால் வேகத்துக்கு ஓர் இடமே மிச்சம். பாலாஜியா, சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து புறப்பட்டு 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் அறிமுகமான நடராஜனா? இடக்கை வீச்சு வேறு கோணம் தரும் என்பதால் நடராஜன். புதுப்பந்தை அவரோடு ராபின் சிங் பகிரட்டும். வெங்கட் தலைவர், கோபாலன் பன்னிரண்டாமவர்.

எல்லைக்கு அந்தப் பக்கம் திராவிட், விஸ்வநாத், கிர்மானி, பிரசன்னா, சந்திரசேகர், கும்ப்ளே, ஸ்ரீநாத் என்று பட்டியல் தயாராக இருக்கும். வேகத்தில் அவர்கள் கை ஓங்கும். ஆடுகளம் சேப்பாக்கமா, சின்னசாமியா என்பதை முடிவு செய்தால், அடுத்த சண்டை தொடங்கிவிடும்.