ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை: கம்பனி மூலம் போனால் கணக்குச் சரிவருமா?

ஜப்பான் என்றால் எமது வியாபாரிகளுக்கு வாகன ஏலமும் உதிரிப்பாகமும்தான் முதலில் நினைவுக்கு வரும். இரத்தினக்கல் வியாபாரிகளுக்கு டோக்கியோவின் ஒகாச்சிமாச்சி நகைத் தெருக்களும் பழக்கமானவை. ஆனால் அண்மைக்காலமாக என்னிடம் விசாரிக்கப்படும் விடயம் வேறு. இன்டர்நெஷனல் ஸ்கூலில் படித்து, ஆங்கிலத்தில் பட்டமும் பெற்ற பிள்ளைகளுக்கு "ஜப்பான் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர், மாதம் இரண்டே கால் இலட்சம் யென்" என்ற அழைப்பு வருகிறது. அனுப்பலாமா என்று வாப்பாமார் கேட்கிறார்கள். டிக்கட்டுக்கும் ஆரம்பச் செலவுக்கும் கடையிலிருந்துதான் பணம் எடுக்க வேண்டும் என்பதால் இதை ஒரு முதலீடாகவே பார்ப்போம்.

முதலில் அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானியப் பாடசாலைகளில் ஆங்கிலப் பாடத்துக்குப் பொறுப்பானவர் ஜப்பானிய ஆசிரியர். அவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டி, பிள்ளைகளைப் பேச வைப்பவர் 'ஏ.எல்.டி.' எனப்படும் துணை மொழி ஆசிரியர். அவருக்கு ஜப்பானிய ஆசிரியர் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. இவர்களை அரசாங்கமே வரவழைக்கும் 'ஜெட்' திட்டம் 1987இல் தொடங்கியது. 2011இல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலப் பயிற்சி கட்டாயமானது. 2020இல் அது முறையான பாடமாகி, பயிற்சி மூன்றாம் வகுப்புவரை இறங்கியது. ஆரம்பப் பாடசாலைகளுக்கெல்லாம் ஆள் தேவைப்பட்டது.

இந்த இடத்தில்தான் தனியார் கம்பனி வருகிறது. 'ஜெட்' ஆசிரியரை எடுத்தால் நகரசபையின் கல்விச் சபையே முதலாளி. வீடு தேடிக் கொடுப்பது முதல் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் கூட்டிப்போவது வரை அவர்கள் தலையில் விழும். கம்பனியிடம் கொடுத்துவிட்டால் அந்தத் தலையிடி இல்லை. எமது சுதந்திர வர்த்தக வலயங்களில் 'மேன்பவர்' கம்பனிகள் ஆள் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாடுதான், ஆள் மட்டும் பட்டதாரி. வேலை செய்வது பாடசாலையில், சம்பளம் வருவது கம்பனியிடமிருந்து. இத்துறையில் ஆகப் பெரியது இன்டராக். அதைவிட வேறு பல கம்பனிகளும் உண்டு.

கல்விச் சபைகள் பல, ஆண்டுதோறும் கேள்விப்பத்திரம் கோருகின்றன. யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்குக் கொந்தராத்து. கேள்விப்பத்திரம் போட்டுப் பழகிய வாசகர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. இங்கே சரக்கும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. விலையைக் குறைத்துச் சொன்னால் குறைக்க இருப்பது ஆசிரியரின் சம்பளம் ஒன்றுதான். ஜப்பானியக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மார்ச்சில் கம்பனி கொந்தராத்தை இழந்தால், பிள்ளைகளுக்கு எவ்வளவு பிடித்த ஆசிரியராக இருந்தாலும் அந்த ஊரில் அவருடைய இடம் போய்விடும். வேறு மாகாணத்துக்குப் போகச் சொல்வார்கள், அல்லது புதிதாக வென்ற கம்பனி இன்னும் குறைந்த சம்பளத்துக்குக் கூப்பிடும்.

இனி கணக்குக்கு வருவோம். சம்பளம் 2 இலட்சத்து 30 ஆயிரம் யென் என்று வைத்துக்கொள்வோம். சுகாதாரக் காப்புறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் ஊழியரின் பங்கு ஏறக்குறைய 15 சதவீதம், அதாவது சுமார் 34,000 யென். வருமான வரியும் வேலையின்மைக் காப்புறுதியும் சேர்ந்து ஆறாயிரம் அளவில் போகும். கைக்கு வருவது 1 இலட்சத்து 90 ஆயிரம். நாட்டுப்புற ஊர் ஒன்றில் வீட்டு வாடகை 50,000, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, தொலைபேசி 20,000, சாப்பாடு 40,000 என்று சிக்கனமாகவே போடுகிறேன். மூன்று நான்கு பாடசாலைகளுக்கு மாறி மாறிப் போக வேண்டுமென்றால் கார் வேண்டும். வாடகைக் காரும் பெற்றோலும் 40,000. மாதம் மிஞ்சுவது 40,000 யென்.

இது முழுச் சம்பளம் வரும் மாதத்தின் கணக்கு. பல கம்பனிகள் பாடசாலை விடுமுறை மாதங்களில் பாதிச் சம்பளமே கொடுக்கின்றன. ஓகஸ்ட்டில் அநேகமாக அப்படித்தான், டிசம்பரிலும் மார்ச்சிலும் குறைப்பவர்களும் உண்டு. சம்பளம் பாதியானாலும் காப்புறுதிக் கழிவு பாதியாவதில்லை. அது முன்கூட்டியே நிர்ணயித்த தொகை. ஆக 1 இலட்சத்து 15 ஆயிரத்தில் 34,000 கழிந்து சுமார் 80,000 வரும், செலவு 1 இலட்சத்து 50 ஆயிரம் அப்படியே நிற்கும். அந்த மாதம் 70,000 யென் பள்ளம். ஆண்டில் பத்து முழு மாதம், இரண்டு அரை மாதம் என்றால் மொத்தமாக மிஞ்சுவது 2 இலட்சத்து 60 ஆயிரம் யென். டொலருக்கு 150 யென் என்று போட்டால் 1,700 டொலரைச் சுற்றி வரும்.

இதற்கு எதிராக எழுத வேண்டிய ஆரம்பச் செலவு இருக்கிறது. விமான டிக்கட் பெரும்பாலும் போகிறவரின் கணக்கு. வீட்டுக்கு முற்பணமும், வீட்டுக்காரருக்குத் திருப்பித் தராத 'அன்பளிப்புப் பணமும்', உத்தரவாதக் கம்பனிக்குக் கட்டணமும் கேட்பார்கள். முதல் சம்பளம் பல இடங்களில் வேலை தொடங்கிய மறுமாதக் கடைசியில்தான். எல்லாம் சேர்த்து மூன்று நான்கு இலட்சம் யென் கையில் இல்லாமல் போகக்கூடாது. முதலாண்டில் மிஞ்சும் பணம் போட்ட முதலையே மூடாது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் ஆண்டில் குடியிருப்பு வரி என்று இன்னொன்று வரும். அது முந்திய ஆண்டு வருமானத்தின் மீது, ஏறக்குறைய 10 சதவீத வீதத்தில் விதிக்கப்படுவது. புதிதாகப் போனவருக்கு முதலாண்டில் வராது, அதனால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. மேலே சொன்ன சம்பளத்துக்குக் கழிவுகள் போக ஆண்டுக்கு 80, 90 ஆயிரம் யென் வரும். ஜனவரி முதலாம் திகதி ஜப்பானில் குடியிருந்தவர் பின்னர் நாடு திரும்பினாலும் அதைக் கட்ட வேண்டும்.

என் கணக்கில் ஒரே ஒரு வரியை அழித்துப் பாருங்கள். கார் தேவையில்லாத ஊர் கிடைத்தால் ஆண்டுக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம் யென் மீதம். மிஞ்சும் தொகை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. சம்பளத்தில் ஐயாயிரம் கூட்டித் தருவார்களா என்று பேரம் பேசுவதைவிட எந்த ஊர், எத்தனை பாடசாலை, கார் வேண்டுமா என்று கேட்பது பல மடங்கு பெறுமதியான கேள்வி. பெரிய நகரத்தில் வாடகை கூடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில கம்பனிகள் கைச்சாத்திட்ட பிறகும் ஊரைச் சொல்லாமல் இழுத்தடிப்பார்கள். ஊர் தெரியாமல் விலை பேசுவது மாதிரி அறியாமல் சரக்கு எடுப்பதைப் போன்றது.

அதே வகுப்பறையில் அதே வேலையை 'ஜெட்' மூலம் செய்பவருக்கு 2025 ஏப்ரல் முதல் முதலாண்டுச் சம்பளம் 40 இலட்சத்து 20 ஆயிரம் யென். முன்பு அது 33 இலட்சத்து 60 ஆயிரமாக இருந்தது. மாதம் 3 இலட்சத்து 35 ஆயிரம், விடுமுறையில் குறைப்பதில்லை, விமான டிக்கட்டும் அவர்கள் செலவு. ஆனால் விண்ணப்பிப்பது ஆண்டுக்கு ஒருமுறை, தெரிவு கடினம், ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. பங்கேற்கும் நாட்டின் பிரஜையாகவும் இருக்க வேண்டும். கம்பனி ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கும். அந்த வசதிக்கான விலைதான் மாதம் ஒரு இலட்சம் யென்.

நாணயமாற்றையும் மறந்துவிடக்கூடாது. 2011இல் டொலருக்கு 80 யெனுக்கும் குறைவாக இருந்தது. அன்று 2 இலட்சத்து 30 ஆயிரம் யென் என்றால் 2,875 டொலருக்கும் மேல். 2024 ஜூலையில் டொலர் 160 யெனைத் தாண்டியபோது அதே சம்பளம் 1,440 டொலர்கூட இல்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு போய் நன்றாகச் சேமித்துக்கொண்டு வந்தவரின் கதையைக் கேட்டு இன்று முடிவெடுப்பது சரியாகாது.

கடதாசி விடயத்தில் இரண்டு சொற்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 'ஹகேன்' என்பது ஆளை அனுப்பும் ஒப்பந்தம். 'க்யோமு இதாகு' என்பது வேலையையே கொந்தராத்து எடுப்பது. முதலாவதில் பாடசாலை ஆசிரியர் எமது பிள்ளைக்கு நேரடியாக வேலை சொல்லலாம். இரண்டாவதில் சொல்ல முடியாது, கம்பனி ஊடாகவே சொல்ல வேண்டும். ஒரே வகுப்பில் இருவர் நின்று பாடம் நடத்தும்போது இது எப்படி நடக்கும்? நடக்காது. சிபா மாகாணத்தின் கஷிவா நகரில் 2010இல் இத்தகைய ஏற்பாடு சட்டத்துக்கு முரண் என்று தொழில் அதிகாரிகள் சுட்டிக்காட்டியதும் துணை ஆசிரியர் வகுப்புகளே நின்றுபோயின.

வியாபாரிக்குப் பிடித்தமான ஒரு வித்தியாசமும் உண்டு. 2012இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 'ஹகேன்' கம்பனி தன் மார்ஜின் எத்தனை சதவீதம் என்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டும். பாடசாலையிடம் நூறு வாங்கி ஆசிரியருக்கு எத்தனை கொடுக்கிறது என்பது வெளியே தெரியும். எமது ஊரில் எந்த முகவராவது இதைச் சொல்வாரா? கொந்தராத்து முறைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே ஒப்பந்தம் எந்த வகை, அனுமதி இலக்கம் என்ன, மார்ஜின் எவ்வளவு என்று கேட்கத் தயங்கக்கூடாது.

வாரத்துக்கு 29.5 மணித்தியாலம் என்று எழுதியிருந்தால் அதன் காரணத்தையும் புரிந்துகொள்ளுங்கள். முழுநேர ஊழியரின் நான்கில் மூன்று பங்கு நேரம், அதாவது 30 மணித்தியாலம் வேலை செய்தால் முதலாளி காப்புறுதியில் பாதியைக் கட்ட வேண்டும். அந்த அரை மணித்தியாலம் அங்கேதான் காணாமற்போனது. பின்னர் சட்டம் இறுகியது. 20 மணித்தியாலம் வேலை செய்தாலே சேர்க்க வேண்டும் என்ற விதி 2016இல் 501 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கும், 2022இல் 101 பேருக்கும், 2024 ஒக்டோபரில் 51 பேருக்கும் இறங்கி வந்தது. சின்னக் கம்பனியென்றால் இன்றும் பழைய கதைதான். அங்கே பிள்ளை தானே தேசிய காப்புறுதியும், மாதம் 17,510 யென் (2025ஆம் நிதியாண்டில்) ஓய்வூதியமும் கட்ட வேண்டும்.

இடையில் விலகினால் இத்தனை யென் தண்டம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பயப்படத் தேவையில்லை. தொகையை முன்கூட்டியே நிர்ணயித்துத் தண்டம் விதிப்பதை ஜப்பானியத் தொழில் நியமச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடைசெய்கிறது. விசாவும் கம்பனியின் சொத்தல்ல. அதே வகை வேலைக்கு வேறு முதலாளியிடம் மாறலாம், 14 நாளுக்குள் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவித்தால் போதும். பிடித்துப்போன கல்விச் சபை நேரடியாக வேலைக்கு எடுக்க விரும்பினால், ஒப்பந்தக் காலம் முடிந்த பின் 'ஹகேன்' கம்பனி அதைத் தடுக்கவும் முடியாது.

கம்பனி தரும் வீட்டில் இருப்பது வசதி, ஆனால் ஆபத்தும் உண்டு. 2007 ஒக்டோபரில் ஜப்பானின் ஆகப் பெரிய தனியார் ஆங்கில வகுப்பு நிறுவனமான நோவா விழுந்தது. அது வேறு வகை வியாபாரம், மாணவர்களிடம் முற்பணம் வாங்கி ஓடியது. சுமார் நாலாயிரம் வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் நின்றார்கள். சம்பளத்தில் கழித்த வாடகை வீட்டுக்காரருக்குப் போய்ச் சேராததால் வீட்டை விட்டு வெளியேறும்படி சிலருக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பெயர் பின்னர் வேறு கைக்கு மாறி இன்றும் இயங்குகிறது. வேலையும் கூரையும் ஒரே கையில் இருந்தால் இரண்டும் ஒரே நாளில் போகலாம்.

எமது பிள்ளைகளுக்கு முதல் வாசல் விசாதான். பாடசாலையில் மொழி கற்பிக்கும் விசாவுக்குப் பட்டத்தோடு, அந்த மொழியிலேயே 12 ஆண்டு கல்வி பெற்றிருக்க வேண்டும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை படித்தவர் எவ்வளவு அழகாக ஆங்கிலம் பேசினாலும் இதில் சிக்குவார். ஆறாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படித்தவர் பல்கலைக்கழக ஆண்டுகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். குடிவரவுத் திணைக்களம் வழங்கும் தகைமைச் சான்றிதழுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கென்று இங்கே யாராவது இலட்சக்கணக்கில் கேட்டால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம். நாட்டுப்புற ஊரில் பள்ளிவாசல் பல மணிநேரத் தூரத்தில் இருக்கும், ஜும்ஆ நேரம் வகுப்பு நேரம். மதிய உணவுக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா என்பதை நேர்முகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

என் அபிப்பிராயம் இதுதான். கடன் வாங்கி அனுப்பி, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வரும் என்று எதிர்பார்த்தால் வேண்டாம். கணக்கில் அதற்கு இடமில்லை. இருபத்தைந்து வயதுப் பிள்ளை, பொறுப்பு இல்லை, ஆரம்பப் பணம் சொந்தமாக இருக்கிறது, இரண்டு வருடத்தில் ஜப்பானிய மொழியைப் பிடித்துக்கொள்ளும் வைராக்கியமும் இருக்கிறது என்றால் போகட்டும். அந்த மொழி தெரிந்த ஒருவர் ஏற்றுமதிக் கம்பனியிலோ வாகன ஏலத்திலோ நிற்கும் நிலை வேறு. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீங்கிய பிறகு அதன் பெறுமதி எமது ஆட்களுக்கே தெரியும். மொழி படிக்காமல் மூன்றாம் ஆண்டும் அதே சம்பளத்தில் இருந்தால் திரும்பி வருவது நல்லது.

திரும்பும்போது ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதியைக் கேட்டுப் பெறலாம். ஆறு மாதமாவது கட்டியிருக்க வேண்டும், அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குக் கணக்கிடுவார்கள், வெளியேறி இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வூதியப் புத்தகத்தையோ அடிப்படை இலக்கத்தையோ தொலைத்துவிடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.