வாயில் வெள்ளைப் படலமா? வலிக்காவிட்டாலும் காட்டுங்கள்

உலகில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக இருப்பது புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 14 இலட்சத்து 60 ஆயிரம் ஆண்களுக்கு அது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் எமது நாட்டு ஆண்களிடையே பல வருடங்களாக முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்றுநோய். அதே 2022இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 இலட்சத்து 90 ஆயிரம் பேருக்கு இந்த நோய் வந்தது; 1 இலட்சத்து 88 ஆயிரம் பேர் இறந்தார்கள். இதில் பெரும் பங்கு வெற்றிலை போடும் நம் தெற்காசிய நாடுகளுக்குத்தான். தோட்டங்களில் பெண்களும் வெற்றிலை போடுவதால் இது ஆண்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல.

காரணம் என்ன?

அதிகாலைக் குளிரிலும் மழையிலும் மலைக்குப் போகிறவர்கள் பசியை அடக்க, அலுப்புத் தெரியாமல் இருக்க ஒரு வாய் வெத்திலை போடுகிறார்கள். சிலர் அதைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டே கொழுந்து எடுக்கிறார்கள். இதில் கேடு செய்வது முக்கியமாகப் புகையிலையும் பாக்கும். "நான் பொயிலை சேர்க்கிறதில்லை, வெறும் பாக்குதானே" என்று சொல்வோர் உண்டு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் அறிவித்தது. இதோடு பீடி, சிகரெட், சாராயமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள்

பெரும்பாலும் இந்த நோய் திடீரென்று வருவதில்லை. பல வருடங்களுக்கு முன்பே வாய் அடையாளம் காட்டும்.

1. துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம்.
2. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்.
3. காரம் பட்டால் எரிச்சல்; முன்பு போல வாயைத் திறக்க முடியாத இறுக்கம்.
4. கன்னத்தில், நாக்கில், கழுத்தில் கட்டி அல்லது தடிப்பு.

இவை எல்லாமே புற்றுநோய் அல்ல. பல படலங்கள் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. எது மாறும், எது மாறாது என்பதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வலி இருக்காது. அதுதான் பெரிய ஆபத்து. "வலிக்கலையே, எதுக்குப் போகணும்?" என்று இருந்துவிடுகிறோம்.

பாதிப்பேர் வரவில்லை

1984இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். இலங்கையில் 34 சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு வருடத்தில் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்கச் செய்தார்கள். 1,220 பேருக்குச் சந்தேகமான அடையாளங்கள் இருந்தன. அவர்களை மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் வரவே இல்லை!

கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கத்தில் 1996இல் தொடங்கிய இன்னொரு பெரிய ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்ததில், புகையிலையோ மதுவோ பாவிப்போரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பார்ப்பதும், சொன்னவுடன் போய்க் காட்டுவதும் உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் செய்யக்கூடியது

மாதம் ஒருமுறை, சம்பள நாளை ஞாபகம் வைத்து, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். உதட்டின் உட்புறம், இரு கன்னம், நாக்கின் பக்கங்கள், நாக்கின் அடி, மேலண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். வெற்றிலை அடக்கும் பக்கத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஏதாவது தெரிந்தால் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டித் துண்டு வாங்கிக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் போங்கள். தேவைப்பட்டால் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். புற்றுநோய் என்று உறுதியானால் கண்டியிலும் மஹரகமையிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை உண்டு. சோதிப்பதற்குச் சிறிது சதை எடுப்பார்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்று பயப்பட வேண்டாம். அது உண்மை அல்ல.

"ஒரு பேர் போயிடுமே" என்ற கவலை எமக்கும் புரிகிறது. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒருநாள் சம்பளம் சிறிய விஷயம் அல்ல. ஆனால் நோய் முற்றிய பின் போனால், தாடையை வெட்டி எடுக்க வேண்டி வரலாம். மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

வெற்றிலையை ஒரே நாளில் விட முடியாதவர்கள் முதலில் புகையிலையையும், பிறகு பாக்கையும் விட முயலுங்கள். இரவில் வாயில் அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பாக்கு கொடுத்துப் பழக்காதீர்கள். லயத்தில் வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும், "எங்க, வாயைக் கொஞ்சம் திறங்க" என்று கேட்டு ஒரு தடவை பார்த்தும் விடுங்கள்.