சீட்டுக் குறி கற்கப் புகுவோர் அறிய வேண்டியவை

தேவி கருமாரியம்மன் குறி சொல்பவளாக வந்து சூரியனுக்கு வருங்காலம் உரைக்க முற்பட்டாள் என்றும், அவளை அலட்சியம் செய்த சூரியன் ஒளி மங்கிப் பின்னர் மன்னிப்பு வேண்டினான் என்றும் தலபுராணம் வழங்கும் திருவேற்காட்டில், குறி கேட்கும் ஆவல் ஜனங்களிடம் குன்றாதிருப்பதில் வியப்பில்லை. அந்த ஆவலே இன்று கைப்பேசி வழியாக டாரட் என்னும் சீட்டுக் குறி வகுப்புகளையும் நாடுகிறது.

27 நட்சத்திரங்களுக்கு 27 சீட்டுகள் என்னும் கிளி ஜோசியத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு, 78 சீட்டுகள் கொண்ட இவ்வித்தை முற்றிலும் அந்நியமன்று. கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூர் வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றிக்குறி சொன்ன ஜோசியரை வனத்துறையினர் பிடித்துச் சென்றதும் கிளியின் பொருட்டே. சீட்டுக்கு அத்தகைய தடையில்லை. சான்றிதழ் பெற்றவரே அதைப் படிக்கலாம் என்ற விதியும் இல்லை. ஆகவே 'சர்வதேச சான்றிதழ்' என்ற பெயரில் பல்லாயிரம் ரூபாய் கேட்போரிடம் தயங்கி நிற்பதே விவேகம். பண்டை எகிப்தின் ரகசியம் என்று அவர்கள் சொன்னாலும் நம்ப வேண்டாம்: டாரட் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் ஆட்டச் சீட்டாகப் பிறந்தது, 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில்தான் குறிக்கருவியாகப் பிரசித்தி பெற்றது.

1909இல் வெயிட் என்பாரின் யோசனைப்படி பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுக்கட்டையே புதியவர்களிற் பெரும்பாலோர் பயில்கின்றனர். அதில் 13ஆம் சீட்டுக்கு மரணம் என்று பெயர். கவசம் பூண்ட எலும்புருவம் ஒன்று கருங்கொடி ஏந்தி வெள்ளைக் குதிரைமேல் வருகிறது. தொலைவிலோ இரு கோபுரங்களுக்கிடையே சூரியன் விளங்குகிறான். ஒரு நிலை முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதே பயின்றோர் இதற்குக் கொள்ளும் பொருள். இதே படத்தைக் காட்டி, வீட்டில் ஓர் உயிர் போகும், பரிகாரத்துக்கு இப்போதே பணம் அனுப்புங்கள் என்று ஒருவர் மிரட்டுவாராயின், அவர் விற்பது அச்சத்தை. அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். கற்றுக்கொள்பவரும், நோயுற்றவர் வந்து கேட்டால், மருத்துவரிடம் செல்லுமாறு சொல்வதே தர்மம். மந்திரத்தால் நோய் தீரும் என்னும் விளம்பரங்களை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது.

இணையவழியில் ஏமாற்றிப் பணம் பறிக்கப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறுமுன் முடக்கிவைக்க வழியுண்டு. மோசடிக்கு, ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தைச் சேர்ந்த திருவேற்காடு காவல் நிலையத்திலும் புகார் தரலாம். குறி பலிக்கவில்லை என்று வழக்காடுவது கடினம். ஆனால், வகுப்பு நடத்துவதாகப் பணம் பெற்று நடத்தாமல் விடுவது சேவைக் குறைபாடு. இதற்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உள்ளன. விற்றவர் எவ்வூராராயினும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே 2019ஆம் வருஷத்துச் சட்டப்படி முறையிடலாம். கெடு இரண்டு வருஷம். விளம்பரத்தின் படம், பணம் செலுத்திய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அதுவரை அழித்துவிடாதீர்கள்.