காதுக்கும் இதயத்துக்கும் ஒரே வாய்க்கால்

மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்காமல் பாய்ந்து போகும் ரயில்கள் உண்டு. ஹாரன் கேட்டவுடனே, வண்டி சேலம் பக்கமிருந்து வருகிறதா, ஜோலார்பேட்டை பக்கமிருந்தா என்று பார்க்காமலே சொல்லிவிடுகிறோம். இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேர வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைப் பிடிக்கும் வேகம் காதுக்கு எப்படி வந்தது?

உட்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒவ்வொரு காதுக்கும் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அழிந்தால் மறுபடி முளைக்காதவை. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்மயிர்கள் படிப்படியான உயரத்தில் நிற்கின்றன. அவற்றின் நுனிகளை மெல்லிய இழைகள் பிணைக்கின்றன. ஒலியதிர்வில் மயிர்கள் சாய, இழை இழுபட்டு நுனியிலுள்ள துளை திறக்கிறது. பொட்டாசியம் உள்ளே வந்து செல்லின் மின்னழுத்தத்தை மாற்றுகிறது.

முக்கியமான வேலை அடிப்பக்கத்தில்தான். அங்கே சிஏவி 1.3 எனப்படும் கால்சியம் வாய்க்கால்கள் கூட்டமாக அமைந்திருக்கின்றன. மின்னழுத்தம் சற்றே மாறினாலும் அவை திறந்துகொள்ளும். உள்ளே வரும் கால்சியம் வெகுதூரம் போகவேண்டியதில்லை; குளூட்டமேட் நிரம்பிய நுண்பைகள் பக்கத்திலேயே, நாடா போன்ற ஓர் அமைப்பில் தொற்றிக்கொண்டு தயாராக இருக்கின்றன. கால்சியம் பட்டதும் பைகள் திறந்து குளூட்டமேட் கொட்ட, கேள்நரம்பு துடிக்கிறது. இந்த நெருக்கம்தான் அந்த வேகத்தின் ரகசியம். இன்னொன்றும் உண்டு: வேறு பல கால்சியம் வாய்க்கால்கள் திறந்த சிறிது நேரத்தில் அடைபட்டுவிடும், இவை எளிதில் அடைபடுவதில்லை. நீளமாக ஊதும் ஹாரன் விடாமல் கேட்பதற்கு இது பெரிதும் துணை.

இதே வாய்க்கால் இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்களிலும் இருக்கிறது. 2000-இல், இந்த வாய்க்கால் இல்லாத எலிகளுக்குக் காது கேட்கவில்லை, இதயமும் மெதுவாகத் துடித்தது என்று கண்டார்கள். 2011-இல் மனிதரிலும் அது தெரியவந்தது. பாகிஸ்தானில் சொந்தத்துக்குள் திருமணம் செய்துவந்த இரண்டு குடும்பங்களில், பிறவியிலேயே காது கேளாதவர்களுக்கு நாடித்துடிப்பும் குறைவாக இருந்தது. மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் வாய்க்காலுக்குள் ஒரே ஒரு அமினோ அமிலம் கூடுதலாகப் புகுந்திருந்தது. வாய்க்கால் உருவாகிறது, கால்சியம்தான் அதன் வழியே போவதில்லை.

இது அபூர்வமான நோய். ஆனாலும் மாமன் மகள், அக்கா மகள் என்று உறவுக்குள் பெண்ணெடுக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுது குழந்தைக்கு வரும் வாய்ப்பு அதில் கூடுகிறது. பிறவியில் காது கேளாத குழந்தைக்கு மயக்கம் வருவதாகத் தெரிந்தால், காதுப் பரிசோதனையோடு ஓர் ஈசிஜியும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் வாய்க்கால் பழுதால் காதும் இதயமும் சேர்ந்து பாதிக்கப்படும் இன்னொரு நோயும் உண்டு. அதில் மயக்கம் உயிரையே பறிக்கலாம். முன்கூட்டியே கண்டுபிடித்தால் அதற்கு மருந்து இருக்கிறது.