மறக்காதே பூவும் மறக்கக் கூடாத பில்லும்

‘எல்லாத் தட்பவெப்பத்திலும் வளரும், 100 சதவீதம் முளைக்கும்.’ ஆன்லைனில் ‘மறக்காதே’ என்று பொருள்படும் ஃபர்கெட்-மீ-நாட் பூச்செடியின் விதை வாங்கும்போது இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், முதலில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். செடி வராமல் போனால் உங்கள் பக்கம் பேசப்போவது அந்த வரிதான், காலித் தொட்டி அல்ல.

காரணம் நம்மூர் வெயில். ஃபர்கெட்-மீ-நாட் ஐரோப்பாவின் குளிர்ந்த, ஈரமான மண்ணுக்குப் பழகிய செடி. விதை முளைக்க இருட்டும் 18–20 டிகிரி குளுமையும் வேண்டும். கொடைக்கானலில் சரிப்படும். மதுரை மொட்டைமாடியிலோ மார்கழிப் பகலே 30 டிகிரியை ஒட்டி நிற்கும். தப்பி முளைத்தாலும் பங்குனியைத் தாண்டுவது கடினம். ‘விதை நல்லதுதான், உங்க ஊர் வெயிலுக்கு நான் என்ன செய்ய?’ என்று விற்றவர் கேட்டால், அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கும் வளரும் என்று சொல்லி விற்றவர் அப்படித் தப்ப முடியாது. பொருளின் தன்மையைப் பொய்யாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. இணையத்தில் உலவும் வானவில் ரோஜா விதையும் இந்த ரகம்தான். அந்தப் பூ செடியில் பூப்பதில்லை. வெள்ளை ரோஜாவின் காம்பைப் பிளந்து சாயத் தண்ணீரில் வைத்து உண்டாக்குவது.

பலருக்கும் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் ‘விதை’ என்று சொல்வது உணவுப் பயிர், காய், கனி, பருத்தி, தீவனம், சணல் ஆகியவற்றை. அலங்காரப் பூ விதை அந்த வரையறைக்குள் வராது. கத்தரி விதைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இதற்கு இல்லை.

எனவே வழி, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலில் இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பயனில்லையா? 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. 99 ரூபாய்ப் பொட்டலத்துக்கு ஆணையம் வரை போவதா என்று கேட்பீர்கள். உதவி எண்ணோடு முடிந்தால் நல்லதுதான்.

பில்லும் உறையும் இல்லாமல் எதுவும் நடக்காது. பொட்டலத்தை முழுசாகக் கொட்டிவிடாமல் பாதி விதையை அப்படியே வையுங்கள். ஆணையம் பரிசோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் உதவும். மீதியில் 20 விதையை ஈர டிஷ்யூவில் பரப்பி, மூடிய டப்பாவில் இருட்டாக, ஏசி அறை போன்ற குளுமையான இடத்தில் 3 வாரம் வைத்துப் பாருங்கள். அங்கே முளைத்துத் தொட்டியில் முளைக்கவில்லை என்றால் விதை மேல் பழி போட வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரும் பொட்டலம் வேறு கதை. 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதியாகும் விதைக்கு நோயில்லை என்ற தாவர நலச் சான்றிதழ் வேண்டும். 2020-இல் கேட்காமலே தபாலில் வந்த மர்ம விதைகள் குறித்து ஒன்றிய வேளாண் அமைச்சகம் மாநிலங்களை எச்சரித்தது. அப்படி ஏதும் வந்தால் விதைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். உறையோடு வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கொடுங்கள். நம் கண்மாய்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் அழகுக்கென்று கொண்டுவந்ததுதான்.

இன்னொன்று: ஃபர்கெட்-மீ-நாட் செடியில் கல்லீரலைக் கெடுக்கும் அல்கலாய்டு உண்டு. கேக் அலங்காரத்துக்கு என்று பறிக்க வேண்டாம். இளநீலப் பூதான் வேண்டும் என்றால் இதன் சொந்தக்காரச் செடியான கவிழ்தும்பை நம் தரிசுகளிலேயே தலைகுனிந்து பூத்திருக்கும். முற்றிய விதையைப் பொறுக்கி வந்து போட்டுப் பாருங்கள். வெயிலுக்கு அது அஞ்சாது.